விரத வெள்ளியில பிடிச்ச மீன்

“விழுந்திட்டுது! எனக்கு விழுந்திட்டுது!” எண்டு நான் போட்ட சத்தத்தில டிப்போவில நிண்ட சாரதிமார் எல்லாரும் திரும்பிப் பார்த்தினம். ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஆனா பஸ் ஓட்டுற உடுப்போட ஒரு மனிசி ரெலிபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு குதிக்கிறதைக் கண்டால், ஒண்டில் லொத்தர் விழுந்திருக்கு, இல்லாட்டிப் பேரப்பிள்ளை பிறந்திருக்கு எண்டுதான் ஆரும் நினைப்பினம். ரெண்டும் இல்லை. எனக்கு விழுந்தது மீன் பிடிக்க ஒரு நாள்.

சிரிக்காதேங்கோ. இந்த ஜெர்மனியில மீன் பிடிக்கிறதெண்டால் தடியும் புழுவும் கொண்டுபோய் ஒரு கரையில குந்துற அலுவல் இல்லை. முதல்ல சோதனை எடுத்துப் பாஸ் பண்ண வேணும். படத்தைக் காட்டி இது என்ன மீன், அது என்ன மீன் எண்டு கேப்பினம். மேசையில பரப்பிக் கிடக்கிற தடி, நூல், முள்ளு எல்லாத்தையும் அவைக்கு முன்னால பொருத்திக் காட்ட வேணும். பிடிச்ச மீனை நோகாமல் எப்பிடிக் கொல்லுறது எண்டும் ஒரு பாடம் இருக்கு. நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில பிறந்தவள். “மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்கிறாங்களோ?” எண்டு என்ரை மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

அவருக்கென்ன, சிரிப்பார். அவர் தோட்டம் செய்த குடும்பத்துப் பிள்ளை, சைவசமயக்காரர். கடற்கரையில எங்களுக்கு என்ன நடந்தது எண்டு அவருக்கு எங்க தெரியும்? பொம்பிளையள் வள்ளத்தில ஏறினால் மீன் படாது எண்டு ஒரு கதை. அதால மீனைக் கழுவினன், வெட்டினன், காய்ச்சினன், வெயிலில காயப் போட்டன். பிடிக்க மட்டும் ஒருத்தரும் விடேல்லை. ஐம்பது வயசு தாண்டி, இந்தக் குளிர் தேசத்தில, ஒரு குளத்தங்கரையில என்ரை கையில இருந்த நூலை முதல்முதலா ஒரு மீன் இழுத்தபோது நான் போட்ட கூக்குரலுக்குப் பக்கத்தில இருந்த தாராக்கள் எல்லாம் பறந்து போச்சுது. அண்டையில இருந்து எனக்கு மீன்பிடி விசர். ஒளிச்சு மறைச்சு என்ன, விசர்தான்.

எங்கட நகரத்திலயிருந்து ஒண்டரை மணித்தியாலம் ஓடினால் ஒரு தேசியப் பூங்கா வரும். மலைக்காடு. காட்டுக்குள்ளால ஒரு சின்ன ஆறு வருகுது, கண்ணாடி மாதிரித் தண்ணி, அடியில கூழாங்கல்லு எண்ணலாம். அதிலதான் ட்ரௌட் மீன். இஞ்சத்தைய ஆக்கள் ஃபொரெல்ல எண்டு சொல்லுவினம். முதுகு பழுப்பு, விலாவில சிவப்புப் பொட்டு. இலையுதிர் காலத்தில அது கல்லுக்கிடையில முட்டை போடும். அப்ப தொட்டு மார்ச் மாசம் நடு வரைக்கும் அந்த மீனில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. ஷோன்ட்சைற் எண்டு சொல்லுவினம், மீனுக்குக் குடுக்கிற ஓய்வுகாலம். ஓய்வுகாலம் முடிஞ்சாலும் ஆத்தின்ரை பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கும், அது பறவையளுக்கும் மிருகங்களுக்கும் விட்ட இடம். எல்லைக்கு நட்ட ரெண்டு மரக்கட்டைக்கு நடுவில ஒரு துண்டுக் கரை மட்டும் மனிசருக்கு. சீசன் திறக்கிற முதல் நாள் அந்தத் துண்டில விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான் நிக்கலாம். அதுக்குத்தான் சீட்டுக் குலுக்குறது.

எங்கட டிப்போவில என்னோட பஸ் ஓட்டுற ஒரு ஜெர்மன்காரி அந்த மீன்பிடிச் சங்கத்தில அங்கத்தவர். அவதான் விருந்தாளி எண்டு என்ரை பேரைக் குலுக்கலுக்குப் போட்டவ. போட்டுப்போட்டு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவ: “இங்கே பார், நீ ஒரு விதியை மீறினாலும் உன்னுடைய மீன்பிடி அட்டையைப் பறிப்பார்கள். பிறகு அந்த ஆற்றுக்கு நீ வரவே முடியாது. நான் இன்னொரு விருந்தாளியை அழைக்கவும் முடியாது.” நான் “ஓம் ஓம்” எண்டு தமிழிலயே தலையாட்டினன். என்ன விதியைத்தான் நான் மீறப்போறன்? எல்லாம் பாடம். முப்பது சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சதை விட வேணும். இறகால கட்டின போலிப்பூச்சி மட்டும்தான், புழு கூடாது. முள்ளில கொழுவி, அதுதான் பின்பக்கம் திரும்பின கூர், இருக்கக் கூடாது. தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது, கல்லுக்குள்ள முட்டை இருக்கும். பிடிச்சதை உயிரோட வாளியில வைச்சிருக்கக் கூடாது. சிவப்பு லைற்றில பஸ் நிப்பாட்டுற மாதிரி எனக்கு இதெல்லாம் கைகாலில ஊறின விசயம்.

வீட்டை வந்து கதவு திறக்க முன்னமே கத்தினன்.

“இஞ்சாருங்கோ! முதல் நாள்! மார்ச் மாசம் திறக்கிற முதல் நாளே எனக்குத்தான்!”

மனிசன் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பார்த்தார். பேந்து சுவரில கிடந்த கலண்டரைப் பார்த்தார்.

“அது தவக்காலமெல்லே?” எண்டார்.

பச்சைத் தண்ணியை முகத்தில ஊத்தின மாதிரி இருந்தது.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேணும். நான் கத்தோலிக்க மனிசி. சாம்பல் பூசுற புதன்கிழமையில இருந்து உயிர்த்த ஞாயிறு மட்டும் எங்களுக்குத் தவக்காலம். எங்கட ஆக்கள் கனபேர் அந்த நாளில மச்சம் தொடாயினம். மச்சம் எண்டால் இறைச்சி மட்டும் இல்லை, மீன், முட்டை, கருவாடு எல்லாம் சேர்த்தி. ஜெர்மன்காரற்றை கணக்கு வேற. அவைக்கு இறைச்சிதான் பாவம், மீன் புண்ணியம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை எங்கட டிப்போக் கன்ரீனில மீன் பொரிக்கிற மணம் நாலு தெருவுக்கு வீசும். நான் பாணும் சலாட்டும் கொண்டு மூலையில இருப்பன்.

மற்ற வருசங்களில நான் வெள்ளிக்கிழமையோட சமாளிக்கிறனான். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள் நான், நாற்பது நாள் எண்டால் சும்மாவோ? ஆனா இந்த வருசம் அப்பிடி இல்லை. போன இலையுதிர் காலத்தில என்ரை மனிசன்ரை நெஞ்சைத் திறந்து ஒப்பிரேசன் செய்தவை. ஒப்பிரேசன் அறை வாசலில இருந்த கதிரையில இருந்துகொண்டு நான் மாதாவுக்கு நேர்த்தி வைச்சனான். “தாயே, இந்த மனிசனை நடத்தி வீட்டை கூட்டிக்கொண்டு வந்து விடு. வாற தவக்காலம் முழுக்க மச்சம் என்ரை வாயில படாது, என்ரை வீட்டு வாசல்படி ஏறாது.” மனிசன் நடந்து வந்தார். நேர்த்தி வைச்சால் அது முடியுமட்டும் ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு எங்கட வீட்டுப் பழக்கம். அதால அவருக்கும் நான் சொல்லேல்லை. சாம்பல் புதனுக்கு முதல் நாள் பிறிட்ஜைத் துடைச்சு, மீன்சட்டியள் எல்லாத்தையும் பேப்பரில சுத்தி நிலத்துக்குக் கீழ இருக்கிற கெல்லருக்குள்ள இறக்கினதைக் கண்டு, “என்ன திடீரெண்டு?” எண்டு கேட்டவர். “உடம்பு குறைக்க” எண்டன். நம்பீட்டார், பாவம்.

இப்ப எனக்கு ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மாதா. போகாமல் விட்டால் அடுத்த வருசமும் பேர் விழுமெண்டு என்ன நிச்சயம்? நாலு நாள் மண்டையைப் போட்டு உடைச்சன். அஞ்சாம் நாள் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கேக்க எனக்கு ஞானம் பிறந்தது. எங்கட ஊர் ஆம்பிளையள் தவக்காலத்தில கடலுக்குப் போகாமலோ இருந்தவை? போனவை, பிடிச்சவை, ஆனா தின்னேல்லை. பிடிக்கிறது வேற, தின்னுறது வேற. அவ்வளவுதான்! வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. தரிப்பிடத்தில ஏறின சனம் எல்லாத்துக்கும் வணக்கம் சொன்னன்.

பிடிச்ச மீனை என்ன செய்யிறது எண்டு ஒருக்கால் யோசிச்சிருக்கலாம். யோசிக்கேல்லை. சந்தோசப் புழுகத்தில புத்தி வேலை செய்யாது.

முதல் நாள் வெள்ளிக்கிழமையில வந்து விழுந்தது. காலமை இருட்டோட வெளிக்கிட்டம். மனிசனும் வந்தார். டொக்ரர் நடக்கச் சொன்னவர், அதோட என்னைத் தனியக் காட்டுக்குள்ள விட அவருக்குப் பயம். “மீன் உம்மை இழுத்துக்கொண்டு போனால் ஆர் எனக்குச் சமைக்கிறது?” எண்டார். ஒரு மடக்குக் கதிரை, ஒரு போத்தில் தேத்தண்ணி, கம்பளித் தொப்பி. மற்ற நாளில மீன் தின்னுவார், ஆனா அவருக்கு வெள்ளிக்கிழமை விரதம். சின்ன வயசில தொடங்கினது, முருகனுக்கு. ஒரு வெள்ளி விட்டதில்லை. ஆஸ்பத்திரியில வெள்ளிக்கிழமை எண்டு மீன் கொண்டுவந்து வைச்சபோதும், நெஞ்சில தையலோட கிடந்துகொண்டு, “வேண்டாம், உருளைக்கிழங்கு மட்டும் தாங்கோ” எண்ட மனிசன் அவர்.

ஆத்தங்கரையில பனி இன்னும் முழுசாக் கரையேல்லை. மரத்துக்குக் கீழ வெள்ளையாத் திட்டுத் திட்டாக் கிடந்தது. தண்ணி சளசளவெண்டு ஓடுது. நான் முள்ளைக் கட்டின வேகத்தைப் பார்த்து மனிசன் தொப்பிக்குள்ளால சிரிச்சார்.

“ஆறுதலாக் கட்டும். மீன் ஓடாது.”

“ஓடும்! மீன் ஓடுறதுதான்! வாயை மூடிக்கொண்டு இருங்கோ.”

தடியை வீசுறது ஒரு கலை. நூலைப் பின்னால விட்டு, ஒரு மூச்சுக்கு நிப்பாட்டி, முன்னால விட வேணும். முதல் வீச்சில ஒரு மரக்கொப்பைப் பிடிச்சன். ரெண்டாவதில என்ரை தொப்பியைப் பிடிச்சன். மனிசன்ரை கதிரை சிரிப்பில குலுங்கின சத்தம் கேட்டது. மூண்டாவது வீச்சு கல்லுக்குப் பின்னால, தண்ணி சுழிச்சு நிக்கிற இடத்தில மெல்ல விழுந்தது. பூச்சி மிதக்குது. மிதக்குது. தண்ணிக்கு மேல ஒரு மூக்கு வந்தது.

“படிச்சிட்டுது!”

பிடிச்சதெண்டு சொல்ல வந்து என்ன சொன்னனோ தெரியாது. கத்தினன். கரைக்கு இழுத்துப் பார்த்தால் சின்னன், கைநீளமும் வராது. ஊரில எண்டால் இந்தச் சைசுதான் சொதிக்குத் திறம் எண்டு சண்டை பிடிச்சு வாங்குவம். இஞ்ச சட்டம் சட்டம்தான். கையைத் தண்ணியில நனைச்சு, ஏனெண்டால் காய்ஞ்ச கை பட்டால் அதின்ரை தோலில இருக்கிற வழுவழுப்புப் போயிடும், முள்ளை மெல்லக் கழட்டி விட்டன். ஒரு கணம் என்ரை கைக்குள்ளயே நிண்டு பார்த்துப்போட்டு ஓடிச்சுது.

பேந்து கன நேரம் ஒண்டும் இல்லை. வெயில் மரத்துக்கு மேல வந்தது. மனிசன் தேத்தண்ணி ஊத்தித் தந்தார். நான் குடிக்காமல் தண்ணியையே பார்த்துக்கொண்டு நிண்டன். கீழ, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பக்கத்தில ஒரு நிழல் அசைஞ்சது. பெரிய நிழல். வீசினன். தடி வளைஞ்சுது பாருங்கோ! கை முழுக்க அதிருது. நூல் கிர்ரெண்டு போகுது. அது மேல பாய்ஞ்சுது, வெயிலில விலா மின்னிச்சுது, பேந்து ஆழத்துக்கு இறங்கிச்சுது. “விடாதையும்! விடாதையும்!” எண்டு மனிசன் கதிரையை விட்டு எழும்பி நிண்டு கத்துறார். “இழுக்காதையும்! ஐயோ, இழும்!” “ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ மனிசா!” எண்டு நான் கத்துறன். தேசியப் பூங்காவில அமைதி காக்கச் சொல்லி ஒரு பலகை இருந்தது. அந்த அமைதி அண்டைக்கு எங்களால போச்சுது.

வலையில ஏந்தி எடுத்தன். அளந்தன். முப்பத்தாறு! பாடத்தில சொன்ன மாதிரி, தலையில சின்னப் பொல்லால ஒரே அடி, பேந்து கத்தியால நெஞ்சில ஒரு குத்து. மீன் நோகாமல் போச்சுது. புல்லில வைச்சுப் பார்த்தன். என்ன வடிவு! சிவப்புப் பொட்டு ஒவ்வொண்டையும் சுத்தி ஒரு வெள்ளை வட்டம். எனக்கு ஆனந்தம் தாங்கேலாமல் போச்சுது. மனிசன்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக் குதிச்சன். ஒப்பிரேசன் செய்த மனிசன் எண்டதையும் மறந்துபோனன்.

அப்பதான் பாதையால ஒருத்தர் இறங்கி வந்தார். பச்சை யக்கற், கழுத்தில பெரிய தூரக்கண்ணாடி, நெஞ்சில வில்லை. மீன்பிடிக்கிற ஆக்களைச் சோதிக்கிற கண்காணிப்பாளர். நல்ல சிரிச்ச முகம். “உங்கள் சத்தம் மேலே பாலத்துக்குக் கேட்டது” எண்டார். அட்டையைப் பார்த்தார். முள்ளை விரலால தடவிப் பார்த்தார், கொழுவி இல்லை. மீனைத் தானும் அளந்தார். அடிச்ச இடத்தைப் பார்த்தார். “எல்லாம் மிகச் சரி. இவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறவர்களைக் காண்பது அரிது” எண்டார். நான் மனிசனைத் திரும்பிப் பார்த்தன், கேட்டியளோ எண்ட மாதிரி.

அதோட அவர் தன்ரை பாட்டில போயிருப்பார். போக வெளிக்கிட்டவர் திரும்பி நிண்டு, ஒரு நல்ல வார்த்தையாத்தான் கேட்டார்.

“தவக்காலத்து வெள்ளிக்கிழமை, புது ஃபொரெல்ல! இன்றைக்கு இரவு உங்கள் வீட்டில் விருந்துதான், இல்லையா?”

“ஐயோ, இல்லை இல்லை!” எண்டன் நான், பெருமையா. “தவக்காலமெல்லே. நான் மீன் தின்னமாட்டன்.”

அவருக்கு விளங்கேல்லை. “தவக்காலத்தில் இறைச்சிதானே சாப்பிடக் கூடாது. மீன் சாப்பிடலாமே?”

“எங்களுக்கு மீனும் கூடாது.”

“சரி, அப்படியென்றால் உங்கள் கணவர் சாப்பிடுவார்.”

“அவர் இந்து. வெள்ளிக்கிழமை அவருக்கு விரதம்.”

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார், மனிசனைப் பார்த்தார், புல்லில கிடந்த மீனைப் பார்த்தார். “குளிர்ப்பெட்டியில் வைத்து ஈஸ்டருக்குச் சாப்பிடலாமே” எண்டு அவரே ஒரு வழியும் காட்டினார். அதைப் பிடிச்சிருந்தால் தப்பியிருப்பன். நான் விட்டனோ?

“ஈஸ்டர் வரைக்கும் என்ரை வீட்டுப் படியில மீன் ஏறாது” எண்டன். “இது தின்னுறதுக்கில்லை. நான் பிடிக்கிறதுக்குத்தான் வந்தனான்.”

தவளை தன் வாயால் கெடும் எண்டு சும்மாவோ சொன்னவை? அவற்றை முகத்தில இருந்த சிரிப்பு அப்பிடியே வடிஞ்சு போச்சுது. இந்த நாட்டில பிடிக்கிற சந்தோசத்துக்காக மட்டும் மீன் பிடிக்கக் கூடாது. ஒரு உயிரைக் கொல்லுறதெண்டால் அதுக்கு நியாயமான காரணம் வேணும், அந்தக் காரணம் சாப்பாடு. சோதனையில இது முதல் பாடம். நான் சரியாப் பதில் எழுதின பாடம்! அதை நான் எனக்கும் பொருந்துற சட்டம் எண்டு படிக்கேல்லை, புத்தகத்தில இருக்கிற ஒரு வரி எண்டு படிச்சிருக்கிறன்.

“அட்டையைத் தாருங்கள்” எண்டு கையை நீட்டினார்.

“மீனை என்ரை சிநேகிதிக்குக் குடுப்பன்” எண்டன் அவதிப்பட்டு.

“நான் கையை நீட்டிய பிறகுதான் எல்லாருக்கும் சிநேகிதர்கள் நினைவுக்கு வருகிறார்கள்” எண்டார். கோபமில்லை, கவலையாத்தான் சொன்னார். “நீங்கள் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். அதைக் கேட்காததுபோல என்னால் போக முடியாது.”

அட்டையைக் குடுத்தன். அந்த ஆறு, என்ரை ஆறு, பச்சை யக்கற்றுக்காரற்றை கைக்குள்ள போறதைப் பார்த்துக்கொண்டு நிண்டன். டிப்போவில அந்தச் சிநேகிதியின்ரை முகத்தில எப்பிடி முழிக்கிறது? கவலை வர வேண்டிய இடத்தில எனக்கு எப்பவும் கொதிதான் வரும். வந்திட்டுது.

“கேளுங்கோ!” எண்டன் ஜெர்மன் மொழியில. “நான் விளையாட்டுக்கு விரதம் இருக்கேல்லை. இவற்றை நெஞ்சை வெட்டித் திறந்து வைச்சிருந்த நேரம், அந்த வாசலில இருந்து நான் கடவுளின்ரை தாயிட்டக் கேட்டனான். இவர் நடந்து வீட்டை வந்தால் நாற்பது நாள் மீன் தொடமாட்டன் எண்டு சொன்னனான். அவ தந்தவ. இவர் உங்களுக்கு முன்னால நிக்கிறார், பாருங்கோ! நான் மீன் இல்லாட்டிச் சாப்பிடேலாத மனிசி. ஒவ்வொரு வெள்ளியும் உங்கட ஆக்கள் மீன் பொரிக்கிற மணத்தில இருந்து பாண் தின்னுறன். நான் பொய் சொல்லியிருந்தால் நீங்கள் சிரிச்சுக்கொண்டு போயிருப்பியள். உண்மை சொன்னதுக்கு ஆத்தைப் பறிக்கிறியளோ?”

சொல்லி முடிச்சாப் பிறகுதான் விளங்கினது, என்ன செய்துபோட்டன் எண்டு. மனிசன் கதிரைக்குப் பக்கத்தில நிண்டவர். முப்பது வருசமாப் பட்டறையில வேலை செய்தவருக்கு ஜெர்மன் நல்லாத் தெரியும். தமிழில ஒருக்காலும் அவருக்குச் சொல்லாததை, ஆரெண்டு தெரியாத ஒரு மனிசனுக்குக் கத்திச் சொல்லிப்போட்டன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நிண்டார். தொப்பியைக் கழட்டினார். திருப்பிப் போட்டார். பேந்து கண்காணிப்பாளரிட்டப் போனார்.

“இந்த மீனை நான் சாப்பிடுறன்” எண்டார். “இண்டைக்கு. முழுசா.”

“நீங்கள் விரதம் என்று உங்கள் மனைவி சொன்னாரே?”

“ஓம். இருந்தனான்.”

கண்காணிப்பாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கட அவரை ஒருக்கால் மேலயும் கீழயும் பார்த்தார், பொய் சொல்லுறாரோ எண்டு. எங்கட அவற்றை முகத்தில பொய் நிக்காது, அது உலகத்துக்கே தெரியும். கடைசியா அட்டையை என்ரை கையில வைச்சார்.

“இனிமேல் வரும்போது, யார் சாப்பிடப்போகிறார் என்று யோசித்துவிட்டு வாருங்கள்” எண்டார். மனிசனுக்குக் கை குடுத்து, “நன்றாகச் சாப்பிடுங்கள்” எண்டு சொல்லிப்போட்டுப் பாலத்துப் பக்கம் ஏறிப் போனார்.

திரும்பி வரேக்க காரை நான்தான் ஓட்டினன். மீன் பின்னால ஐஸ்பெட்டிக்குள்ள. “நீங்கள் சாப்பிடத் தேவையில்லை, மேல் வீட்டுக்காரிக்குக் குடுப்பம்” எண்டு ஒருக்காச் சொன்னன். “சொன்னால் சொன்னதுதான்” எண்டார்.

வீட்டுக்குள்ள மீன் ஏறக்கூடாது. படி எண்டால் படிதான். வாசலில நிண்டு யோசிச்சம். அப்ப அவர், “பல்கனியும் வீட்டுக்குள்ள எண்டு கணக்கோ?” எண்டு கேட்டார். நாங்கள் இருக்கிறது நிலத்தளம், பல்கனிக்குப் புல்லுப் பக்கமா ஒரு சின்னப் படி இருக்கு. அந்தப் படியைப் பற்றி மாதாவிட்ட நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் அந்தப் பக்கமாச் சுத்திக்கொண்டு போய் மீனை அவற்றை கையில குடுத்துப்போட்டு, கையைக் கழுவி, வீட்டுக்குள்ள வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினன்.

கோடையில சோளம் சுடுற கரண்ட் அடுப்பு பல்கனியில இருந்தது. வெளியில நல்ல குளிர். அவர் யக்கற்றும் தொப்பியும் போட்டபடி நிண்டு மீனைக் கிழிச்சார். வாழ்க்கையில முதல்முதலா மீன் வெட்டுறார். நான் கண்ணாடிக்கு இஞ்சால பக்கம் நிண்டு துள்ளுறன். “அப்பிடி இல்லை! வயித்துப் பக்கத்தால! பித்தை உடைச்சுப்போடாதேங்கோ!” கதவைக் கொஞ்சம் நீக்கி உப்பு, மிளகாய்த்தூள், தேசிக்காய் ஒவ்வொண்டா நீட்டினன். மணம் உள்ளுக்கு வரும் எண்டு உடன சாத்தினன். சாத்தியும் வந்தது. என்ரை வயிறு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மீன் வெந்திட்டுது. மடக்குக் கதிரையை விரிச்சு, மடியில சாப்பாட்டுக் கோப்பையை வைச்சு, இருந்தார். முதல் வாய் எடுக்க முன்னம் கண்ணை மூடினார். என்ன சொன்னாரோ, ஆரிட்டச் சொன்னாரோ, உதடு மட்டும் அசைஞ்சது. பேந்து சாப்பிட்டார். என்னால பொறுக்கேலாமல் போச்சுது. கதவைத் திறந்தன்.

“ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? ஒரு ஆத்துக்காக? அந்த அட்டை போனால் போகட்டுமெண்டு விட்டிருக்கலாமே. இத்தனை வருசம் விடாத வெள்ளி. முருகன் கோவிக்கமாட்டாரோ?”

அவர் ஒரு முள்ளை எடுத்துக் கோப்பையின்ரை விளிம்பில வைச்சார். ஆறுதலா, ஒரு கணக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னார்:

“உம்மடை மாதா என்ரை நெஞ்சுக்காக உம்மை நாற்பது நாள் மீனில்லாமல் வைச்சிருக்கிறா. என்ரை முருகன் உம்மடை சந்தோசத்துக்காக ஒரு வெள்ளிக்கிழமையை விட்டுத்தர மாட்டாரோ?”

எனக்குக் கண்ணீர்தான் வந்தது, பொலுபொலுவெண்டு, நிப்பாட்டேலாமல். ஒப்பிரேசன் நேரம்கூட நான் இப்பிடி அழேல்லை. அந்த நேரம் அழப் பயம்.

அவர் தன்ரை பாட்டில சாப்பிட்டு முடிச்சு, கோப்பையை எடுத்துக்கொண்டு குப்பை வாளிப் பக்கம் எழும்பினார். மீன்தலை முழுசாக் கிடக்குது.

“எறியாதேங்கோ!” எண்டு அழுதுகொண்டே கத்தினன். “தலையை ஆரும் எறிவினமோ? அந்தக் கன்னத்தில இருக்கிற சதையை எடுத்துத் தின்னுங்கோ, அதுதான் ருசி!”